அவன் பேசி முடிக்கட்டும்

அத்தியாயம் 14

"நாளையோட எல்லாம் முடிஞ்சிரும்மா."

முந்தின நாள் இரவு, தட்டில் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்தபோது சித்தார்த் சொன்னது இவ்வளவுதான். பிளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட்டைச் சொல்கிறான் என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள். திக்குவாய்ப் பிள்ளை. ஒரு முழு வாக்கியத்தை எங்கும் தடுக்காமல் சொல்லிவிட்டானே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டாள்.

மறுநாள் காலை கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரம் தெற்கு வீதி மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோதும் அந்தச் சந்தோஷம் மிச்சமிருந்தது. அவள் அங்கே பார்மசிஸ்ட்.

இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல். சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது எழிலரசியின் போன் அடித்தது. கணவர் ஞானசேகரன். உரக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தார்.

"எழிலு, பலாப்பழம் அறுக்கிற கத்திய எங்க வெச்ச? உன் தம்பி காடாம்புலியூர்லேர்ந்து கொண்டாந்த பழம் வூடு முழுக்க வாசன தூக்குது. அறுக்கலாம்னு பாத்தா கத்தியக் காணும்."

"அடுப்பு மேடைக்குக் கீழதாங்க. எண்ணெ டின்னு பக்கத்துல."

"அங்க இல்ல. கட்டிலுக்கு அடியிலகூட குனிஞ்சு பாத்துட்டேன். அங்க என்னடான்னா உம்புள்ள புக்கெல்லாம் குமிஞ்சு கெடக்குது. மேல போர்வயப் போட்டு மூடி வெச்சிருக்கான். வெறும் பையத் தூக்கிட்டுப் போயிருக்கான் போல. இன்னைக்கு ஸ்கூல்ல புக்கு வேணாமாமா?"

எழிலரசி சிரப் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள்.

காலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி, அவளுக்கும் முன்பே கிளம்பிப் போனான். முதுகில் பை இருந்தது. செருப்பை மாட்டும்போதுகூட அதைக் கழற்றிக் கீழே வைக்கவில்லை. எல்லாம் முடிஞ்சிரும்மா.

"என்னங்க..." என்றாள். "கத்தி அவன்ட்ட இருக்குதுங்க."

மறுமுனையில் எண்ணெய் டின் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"நான் ஸ்கூலுக்குப் போன் பண்றேன்."

"பைத்தியமா உனக்கு? போன் பண்ணா போலீஸ் வரும். கேஸு, கோர்ட்டுன்னு பையன் வாழ்க்கையே போச்சு. நான் வண்டிய எடுத்துட்டுப் போயி சத்தமில்லாம இழுத்துட்டு வந்துடறேன்."

"நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள எதாச்சும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவாது. அவனுக்கெங்க அந்தத் தைரியம்?"

வைத்துவிட்டார்.

எழிலரசி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அந்த நம்பரை அழுத்தினால், தன் மகனைத் தானே பிடித்துக் கொடுத்தது போலாகும். அழுத்தாவிட்டால்?

"அக்கா, மருந்து..." என்றாள் அந்த இளம்பெண். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துச் சிணுங்கியது.

அந்தப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் யாரோ ஒருத்தியின் இடுப்பில் இருந்திருப்பார்கள்.

எழிலரசி நம்பரை அழுத்தினாள்.

"மேடம், நான் சித்தார்த்தோட அம்மா பேசுறேன். பிளஸ் டூ பி செக்‌ஷன். அவன் பையில கத்தி இருக்குது மேடம். மத்த புள்ளைங்கள வெளிய விடாதீங்க. அவன் கிட்டயும் மெதுவாப் பேசுங்க. அதட்டாதீங்க, தயவுசெஞ்சு."

பிரின்ஸிபால் பிரிசில்லா "லைன்லயே இருங்க" என்றார். கதவு சாத்தும் சத்தம். யாரையோ அவசரமாகக் கூப்பிடும் சத்தம். ஓடும் காலடிகள். எழிலரசி கவுண்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கேக்குதா? சித்தார்த் இன்னைக்கு ஸ்கூலுக்கே வரல."

"வரலையா? அப்ப எங்க போனான்?"

"தெரியல. நான் போலீஸுக்குச் சொல்லியாகணும். உங்களுக்குப் புரியுதில்ல?"

கண்ணை மூடிக்கொண்டு எழிலரசி சொன்னாள்: "சொல்லுங்க மேடம்."

*

எழிலரசி போனில் சொன்னதும், மகள் சிந்துஜா அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் இருந்து தலையைக்கூட வாராமல் ஓடிவந்தாள். வரும்போதே மேல வீதியில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன்மா. மஞ்சக்குப்பம் மைதானம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடச் சொல்லியிருக்கேன்."

மாமா என்றது எழிலரசியின் தம்பி ராஜவேலை. கடலூர் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். சித்தார்த் பிறந்ததில் இருந்து அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன்.

"யார் மேலடி இவனுக்கு இவ்ளோ கோவம்? ஒரு எறும்ப மிதிக்க மாட்டானேடி."

"அவனுக்கு ஒரு ஃபிரெண்டு இருந்தானே, ஹாமித். போன வருஷம் வேற ஸ்கூலுக்குப் போயிட்டான்ல. அவனக் கேட்டா தெரியும்."

சிந்துஜா போனில் தேடித் தேடி அந்த நம்பரைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான் ஹாமித். அவள் பாதிதான் சொல்லியிருப்பாள்.

"அக்கா, நீங்க முட்லூர் வழியாத்தான வருவீங்க? நான் அங்க வந்து நிக்கிறேன். என்னையும் ஏத்திக்குங்க."

பரங்கிப்பேட்டை ரோடு வந்து சேரும் முட்லூர் முனையில், பள்ளி யூனிபார்மோடு, சைக்கிளை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு நின்றிருந்தான். ஒல்லிப் பையன். மூச்சு வாங்கியது. முன்சீட்டில் ஏறியவன் திரும்பி எழிலரசியைப் பார்த்து, "ஆன்ட்டி, எம்மேலயும் தப்பு இருக்கு" என்றான்.

"என்னாப்பா நடந்துச்சு? முழுசா சொல்லு."

"அவன் பேச ஆரம்பிச்சா கிளாஸே சேந்து அவன மாதிரிப் பேசும் ஆன்ட்டி. செம்பியன்னு ஒருத்தன். வாலிபால் கேப்டன். அவன்தான் ஆரம்பிப்பான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சித்தார்த்துக்கு 'எஸ் மிஸ்' வராது. எ... எ...ன்னு நிப்பான். பின்னாடி பெஞ்சு பூரா எ... எ...ன்னு கத்தும். மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துரும். அப்புறம் அவன் வாயத் தொறக்கறதயே வுட்டுட்டான். கிளாஸ்ல உக்காந்துகிட்டே ஆப்சென்ட் வாங்குவான்."

பள்ளியில் இருந்து ஆப்சென்ட் என்று மெசேஜ் வந்ததெல்லாம் எழிலரசிக்கு நினைவு வந்தது. கட் அடிச்சுட்டு எங்கடா சுத்துற என்று ஞானசேகரன் பெல்ட்டை உருவியதும் நினைவு வந்தது. அவன் வாயைத் திறந்து விளக்கம் சொல்ல முயன்றான். எ... எ... என்று நின்றான். பெல்ட் அதற்குள் இறங்கிவிட்டது.

"பாத்ரூம்ல வெச்சுப் பூட்டுவானுங்க. 'சொர்ணபைரவன்'னு தப்பில்லாம சொல்லு, தொறந்து வுடறோம்பானுங்க. நான் போயித் தொறப்பேன். அதுக்கு என்னையும் அடிச்சானுங்க. எங்க வாப்பா சவுதிலேர்ந்து லீவுல வந்தப்ப என் முதுகப் பாத்துட்டு, டிசி வாங்கி இங்க சேத்துட்டாங்க." ஹாமித் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். "அவன மட்டும் அங்க தனியா வுட்டுட்டு வந்துட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்" என்றாள் சிந்துஜா.

சொன்னான். எழிலரசிக்குத் தெரியும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஸ்கூல் மாத்திடும்மா என்று கஷ்டப்பட்டுச் சொன்னான். கிண்டல் பண்ணா கண்டுக்காதடா, ஒரு வருஷம் பொறுத்துக்க என்று இவள் சொன்னாள். ஆம்பளதான, திருப்பி அடி என்று அவன் அப்பா சொன்னார். கிளாஸ் டீச்சரிடம் போனான். பயம் போகட்டும் என்று டீச்சர் அவனைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் செய்தி வாசிக்க நிறுத்திவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை.

"நேத்து சாயந்திரம் எனக்கு மெசேஜ் போட்டான் ஆன்ட்டி. 'நாளைக்குக் காலைல செம்பியன் டீமு தேவனாம்பட்டினம் பீச்சுல பிராக்டிஸ். வர்றியா?'ன்னு. எனக்கு டெஸ்ட்டு. ரிப்ளை பண்ணல."

சிந்துஜா அலறியே விட்டாள். "பீச்சு! அம்மா, பீச்சுக்குப் போயிருக்கான்!"

*

ராஜவேல் ஐஸ் வண்டியை அப்படியே திருப்பினான். பாதி ஐஸ் தண்ணீராக ரோட்டில் ஒழுகிக்கொண்டே வந்தது. தேவனாம்பட்டினம் மணலில் கால் வைத்ததும் போன் போட்டான்.

"அக்கா, பாத்துட்டேன். இங்கதான் இருக்கான்."

"நல்லாருக்கானாடா?"

"கவுத்துப் போட்ட படகுக்குப் பின்னாடி உக்காந்திருக்கான். பைய மடியில வெச்சிட்டு. அந்தாண்ட பசங்க வாலிபால் ஆடுறானுங்க. பி.டி. மாஸ்டரு கூட இருக்காரு. நம்ம பையன் அவுங்களையே பாத்துட்டிருக்கான்."

கடலூர் முதுநகருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சிந்துஜா கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தாள். ரயில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"ராஜா, நீ கிட்டப் போகாத. பாத்தா ஓடிருவான். அவனுக்கும் அந்தப் பசங்களுக்கும் நடுவுல போயி நில்லு. நாங்க வந்துட்டோம்."

"சரிக்கா. மெதுவாப் போறேன்."

போனில் அலைச் சத்தமும் ராஜவேலின் மூச்சும் கேட்டன. ஹாமித்தின் உதடுகள் ஓதுவது போல அசைந்தன.

"அக்கா..." ராஜவேலின் குரல் மாறியது. "பந்து வெளிய போயிருச்சுக்கா. படகுப் பக்கமா உருண்டு போவுது."

"யாரு எடுக்க வர்றது?"

"உயரமா ஒரு பையன். ஏழாம் நம்பர் பனியன்."

ஹாமித் திரும்பினான். "செம்பியன்தான்!"

"ஓடுடா ராஜா!" எழிலரசி அலறினாள். "ஓடு!"

"சித்து எழுந்துட்டான்க்கா. பந்து அவன் காலுகிட்ட இருக்கு. அந்தப் பையன் என்னமோ சொல்றான். சிரிக்கிறான். டேய்! டேய் சித்து! டேய்..."

போன் மணலில் விழுந்த சத்தம். அப்புறம் அலை. வெறும் அலை.

ரயில் தடதடவென்று அவர்கள் முன்னால் போகத் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டியாக, முடியவே முடியாதது போலப் போனது. எழிலரசி போனைக் காதில் அழுத்தியபடி, "ராஜா... ராஜா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

*

கார் நிற்பதற்குள் மூன்று பேரும் இறங்கி ஓடினார்கள்.

முதலில் கண்ணில் பட்டது ராஜவேல். மணலில் உட்கார்ந்திருந்தான். முழங்கைக்குக் கீழே துண்டைச் சுற்றியிருந்தான். துண்டு சிவந்துகொண்டிருந்தது. பி.டி. மாஸ்டர் அதன் மேல் இன்னொரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றான். "குறுக்க பாஞ்சதுல பட்டுருச்சு. சும்மா தோலுதான். கத்திய நான் வாங்கிட்டேன். அந்தப் பையனுக்கு எதுவும் ஆவல. நீ சித்துகிட்ட போ."

சற்றுத் தள்ளி ஏழாம் நம்பர் பனியன் போட்ட பையன் நின்றிருந்தான். உயரம்தான் பெரிய ஆள் போல. முகம் குழந்தை முகம். "சும்மா வெளையாட்டுக்குத்தான் சார்... 'ப... ப... பந்தக் குடு'ன்னு சும்மா வெளையாட்டுக்குத்தான் சார் சொன்னேன்" என்று கேட்பார் இல்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சித்தார்த் படகுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தான். பல் கிட்டித்துப்போயிருந்தது.

எழிலரசி அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். ஏன்டா இப்படிப் பண்ணே என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவன் முதுகில் கை வைத்தாள். வேர்வையில் சட்டை நனைந்து கிடந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மா... மா... மாமாவ..." என்றான்.

மாமாவக் குத்திட்டேன் என்று சொல்ல வருகிறான். வாய் வரை வந்துவிட்டது அவளுக்கு. பதினாறு வருஷமாக அவள் அப்படித்தான் செய்தாள். அவன் திணறும்போதெல்லாம் மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுவாள். பிள்ளை கஷ்டப்படக் கூடாதே என்ற பாசம்தான். அதனாலேயே வீட்டில் அவன் ஒரு வாக்கியத்தை முடித்ததே அபூர்வம்.

உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மாமாவ... கு... குத்திட்டேன்மா."

"ம்."

அவள் வேறெதுவும் சொல்லாததைப் பார்த்து அவன் நிமிர்ந்தான். அம்மாவின் முகத்தை நம்பாதவன் போலப் பார்த்தான். பிறகு பேச ஆரம்பித்தான். அட்டெண்டன்ஸ். பாத்ரூம். பஸ்ஸில் பின்சீட்டு. ஹாமித் போன பிறகு மத்தியானச் சாப்பாட்டை டாய்லெட்டில் நின்று சாப்பிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் முட்டி மோதி வெளியே வந்தது. சிந்துஜாவும் ஹாமித்தும் வந்து நின்றதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"ஒரு வீ... வீ... வீடியோ. நான் பேசுற வீடியோ. அதப் பா... பாட்டு மாதிரி பண்ணிட்டானுங்க. எல்லார் போன்லயும் இருக்கு. ப... பஸ்ஸுல போடுவானுங்க. ஆ... ஆறாங்கிளாஸ் பசங்ககூட பா... பாடுறானுங்கம்மா."

"எவன்டா எடுத்தான் அந்த வீடியோவ?" சிந்துஜாவுக்குக் கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. "பேரச் சொல்லு. அவன நான் சும்மா வுட மாட்டேன்."

சித்தார்த் அக்காவைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

"அவன ம... மட்டும் ஒரு தடவ ப... பயமுறுத்தணும்னு நெனச்சேன். அவன் பயப்படறத எ... எல்லாரும் பாக்கணும். அவ்ளோதான். ஆனா அவன் சி... சிரிச்சதும் எனக்கு ஒண்ணுமே தெ... தெரியலம்மா. கை தா... தானா..."

வரும் வழியிலேயே எழிலரசி பிரின்ஸிபாலுக்கும் கணவருக்கும் இடத்தைச் சொல்லியிருந்தாள். கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பிரின்ஸிபால் பிரிசில்லா இறங்கினார். கூடவே சாதாரண உடையில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர்.

சித்தார்த் விறைத்துப்போனான். காரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ... நீ... நீயாம்மா சொ... சொன்ன?"

கேள்வி முழுசாக வரும்வரை அவள் காத்திருந்தாள். வந்த பிறகு ஒளிக்கவில்லை.

"ஆமா. நான்தான் போன் பண்ணேன்."

அவன் முகம் சுருங்கியது.

"அந்தப் பையனுக்கு எதாச்சும் ஆயிருந்தா அவன் அம்மா மூஞ்சிய நான் எப்படிடா பாப்பேன்? நீ அதுக்கப்புறம் எப்படித் தூங்குவ? உன்னக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல தம்பி."

அவள் கை இன்னும் அவன் முதுகில்தான் இருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் முதலில் ராஜவேலிடம் போனார். "யாரு குத்துனது?"

"குத்தலாம் இல்ல மேடம். படகுல தகரம் நீட்டிட்டிருந்துச்சு. ஓடி வந்தவன் பாக்காம கிழிச்சிக்கிட்டேன்."

கூசாமல் சொன்னான் ராஜவேல். பி.டி. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இ... இ... இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். சித்தார்த் எழுந்து நின்றான்.

"நா... நா..."

அப்போதுதான் ஞானசேகரன் வந்து சேர்ந்தார். ஸ்கூட்டரை ரோட்டிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு, மணலில் தடுமாறி ஓடிவந்தார். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. "டேய்! குடும்ப மானத்த வாங்குறதுக்குன்னே பொறந்தியாடா? மேடம், இவன் சொல்றத நம்பாதீங்க. அவனுக்குப் பேசவே வராது..." கை ஓங்கிவிட்டார்.

எழிலரசி அந்தக் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தியதில்லை.

"அவன் பேசிட்டிருக்கான்" என்றாள். "பேசி முடிக்கட்டும்."

ஞானசேகரன் திகைத்தார். சுற்றிலும் பார்த்தார். மாஸ்டர், பிரின்ஸிபால், வாலிபால் பையன்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். பந்து ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன்கூட எ... எ... என்று இழுக்கவில்லை.

"நா... நான்தான் மேடம். க... கத்தி கொண்டாந்தது நான்தான். மா... மாமா பொய் சொல்றாரு. மா... மாமாமேல பட்டது என்னாலதான்."

அத்தனை பேர் முன்னால் அவன் ஒரு விஷயத்தைத் தொடங்கி முடித்தது அன்றைக்குத்தான்.

ஞானசேகரனின் கை தானாகக் கீழே இறங்கியது. ராஜவேல் குலுங்கி அழுதான். காயத்துக்கு அழாதவன் இதற்கு அழுதான்.

பிரிசில்லா அருகே வந்தார். "நீ ஆப்சென்ட்டுன்னு நான்தான்ப்பா உங்க வூட்டுக்கு மெசேஜ் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஏன்னு ஒரு தடவகூடக் கேக்கல" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். "பயப்படாத. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகல. உன்ன மாதிரி புள்ளைங்களுக்குன்னு இளைஞர் நீதிக் குழுமம் இருக்கு. அங்க போயி இதே மாதிரி நிதானமா சொல்லணும். அம்மா கூட வரட்டும். கவுன்சிலர் இருப்பாங்க. ஆனா ஒண்ணு. நடந்தது சின்ன விஷயமில்ல. அது உனக்கும் தெரியுமில்ல?"

சித்தார்த் தலையாட்டினான்.

காரில் முதலில் அவன் ஏறினான். எழிலரசி வெளியே தயங்கி நின்றாள். காட்டிக் கொடுத்தவள் பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியவில்லை. சித்தார்த் அவளைப் பார்க்காமலேயே நகர்ந்து இடம் விட்டான்.

அவள் ஏறிக்கொண்டாள்.

*

ராஜவேலை பி.டி. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஞானசேகரன் ஸ்கூட்டரை நிமிர்த்தி, வெள்ளைக் காருக்குப் பின்னாலேயே போனார். சிந்துஜாவும் ஹாமித்தும் வாடகைக் காரில் ஏறினார்கள்.

"நாம ஜெயிச்சிட்டோம்டா ஹாமித்து" என்றாள் சிந்துஜா. "யாரும் சாகல. அவன் பேசுறான். அம்மா அவன் பக்கம் இருக்காங்க. இனிமே அந்த வீடியோ எடுத்தவன் மட்டும் கெடச்சாப் போதும். உன்ட்ட இருக்கா அது?"

"பழைய கிளாஸ் குரூப்புல இருக்கும்க்கா. நீங்க பாக்க வேணாம்."

"குடுறா."

ஹாமித் தயங்கித் தயங்கித் தேடி எடுத்துக் கொடுத்தான்.

பாட்டு மெட்டு ஒன்றைச் சேர்த்து, திக்கும் இடங்களை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். சித்தார்த் அதில் சின்னவனாக இருந்தான். ஒன்பதாவதோ பத்தாவதோ படித்தபோது. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சுதந்திர தினப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். ம... ம... மதிப்புக்குரிய என்று அவன் திணறத் திணற, பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். போன் அந்தச் சிரிப்பில் குலுங்கியது.

"அது யாரு சிரிக்கிறதுன்னுதான்க்கா தெரியல" என்றான் ஹாமித். "நாங்க எத்தனயோ தடவ கேட்டோம். தெரியாதுன்னே சொல்லிட்டான்."

சிந்துஜா வீடியோவை நிறுத்தினாள்.

அந்தப் பீரோ அவர்கள் வீட்டுப் பீரோ. அந்தச் சிரிப்பு அவளுடையது. அன்றைக்குக் கதவிடுக்கில் நின்று எடுத்து, தோழிகள் குரூப்பில், என் தம்பி காமெடி பாருங்கடி என்று எழுதிப் போட்டிருந்தாள். மறந்தே போயிருந்தாள். அங்கிருந்து யார் கைக்குப் போனது, எப்படிப் போனது?

அவளுக்குத் தெரியாமல் இருந்தது. சித்தார்த்துக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தச் சிரிப்பை அடையாளம் தெரியாமல் போகுமா அவனுக்கு?

போன் அடித்தது. அம்மா.

"சிந்து, எங்கடி இருக்க? சீக்கிரம் வா. வர்ற வழியிலயே எல்லாத்தையும் தெளிவா சொல்லிட்டான். நல்லாப் பேசுறான். ஆனா அந்த வீடியோவ யாரு எடுத்ததுன்னு மேடம் கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நீயாச்சும் வந்து கேளு. நீ கேட்டா சொல்லுவான்."